மேலே ஏறிய கல்

ஐந்து மதிப்பெண் கேள்வி. பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, 1988 டிசம்பர். 20 டிகிரி சாய்ந்த தளத்தில் 2 கிலோ கல் ஒன்று ஓய்வில் இருக்கிறது; கல்லுக்கும் தளத்துக்கும் இடையே ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.6, கல்லின் மேல் செயல்படும் உராய்வு விசையைக் காண்க.

நான் கண்டது 11.05 நியூட்டன். பெருக்கலில் பிழை இல்லை, அலகு எழுதியிருந்தேன், விடைக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக்கோடு கூடப் போட்டிருந்தேன். தாள் திரும்பி வந்தபோது சிவப்பு மையில் சைபர். சைபருக்குப் பக்கத்தில் சார் ஒரு படம் வரைந்திருந்தார். சாய்தளத்தில் ஒரு கல், கல்லுக்கு இரண்டு கால், அது மேட்டைப் பார்த்து நடந்துபோகிறது.

பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து, சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஆண்டு விழா, மரத்தடி, மணியடிக்கும் தாத்தா எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். எனக்கு அந்தக் கால் முளைத்த கல்தான் முதலில் ஞாபகம் வந்தது. அதைப் பற்றி எழுதினால் கடைசியில் சங்கத்திடம் ஒரு விஷயமும் கேட்டுவிடலாம் என்று ஒரு கணக்கு.

80-களில் நம் பள்ளியில் அறிவியல் பிரிவில் படித்தவர்களுக்குப் பலகை சார் என்றால் போதும், பெயர் வேண்டாம். பழைய வீடுகளை இடித்துத் தூண், நிலை, கதவு என்று பிரித்து விற்கும் கடைகள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்குமே, அங்கே பேரம் பேசி வாங்கிய பர்மா தேக்குப் பலகை ஒன்று அவரிடம் இருந்தது. நாலடி நீளம், ஒரு அடி அகலம். ஒரு முனையில் கதவுக் கீல் போட்டு அடிப்பலகையோடு பிணைத்திருந்தார். பக்கவாட்டில் அட்டையில் வெட்டிய பெரிய பாகைமானி, அதன் நடுவிலிருந்து தொங்கும் கொத்தனார் தூக்குக்குண்டு. பலகையைத் தூக்கத் தூக்க நூல் பாகைமானியில் நகரும். கருவி அவ்வளவுதான். சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். மழை வந்தால் தான் நனைந்துகொண்டு பலகைக்குக் குடை பிடிப்பார் என்று பையன்கள் சொல்வார்கள், நான் பார்த்ததில்லை.

உராய்வுப் பாடம் தொடங்குவதற்கு முந்தின நாள், “நாளைக்கு ஆளுக்கொரு சாமான் வீட்டிலேருந்து கொண்டாங்க. அடிப்பக்கம் தட்டையா இருக்கணும், அம்மா தேடாததா இருக்கணும்” என்றார். சோப்பு டப்பா வந்தது, பென்சில் பெட்டி வந்தது, ஒருவன் அரிசிக்கடையிலிருந்து இரண்டு கிலோ எடைக்கல்லையே கொண்டுவந்துவிட்டான். செங்கல் ஒன்றும் அரைச்செங்கல் ஒன்றும் சார் வைத்திருந்தார். நான் ஒரு கல்லும் அதன் கண்ணாடியும் கொண்டுபோனேன்.

கல் என்றால் ஆத்தங்குடிக் கல். டைல்ஸ் என்பது வெளியூர்க்காரர்கள் பேச்சு. என் அப்பா ஆத்தங்குடியில் கல் போடுகிறவர். வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் இதைப் படிக்கலாம் என்பதால் அந்த வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு கண்ணாடித் துண்டைச் சுத்தமாகத் துடைத்து மேஜையில் வைப்பார். அதன் மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவில் தடுப்புகள் உள்ள அச்சு. கரண்டியால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணச் சிமெண்டுக் குழம்பை அந்தந்தக் கட்டத்தில் ஊற்றுவார். அச்சை ஒரே மூச்சில் மேலே எடுப்பார். கை நடுங்கினால் பூ கலங்கிவிடும். அப்புறம் காய்ந்த மணலும் சிமெண்டும் கலந்த தூளைத் தூவி, அதன் மேல் ஈரக்கலவை போட்டு, கரண்டியால் இழுத்து மட்டம் பண்ணிச் சட்டத்தைக் கழற்றுவார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறல். ஊறி, காய்ந்தபின் கண்ணாடி தானாக விட்டு வரும். அப்படி விட்டு வந்த பக்கம்தான் நாம் நடக்கிற பக்கம். பாலிஷ் கிடையாது, சூளை கிடையாது. “கண்ணாடி முகம் எப்படியோ கல்லு முகம் அப்படி” என்பார் அப்பா.

வகுப்பில் எல்லோரும் பந்தயம் கட்டினார்கள், இவள் கொண்டுவந்த கல்தான் முதலில் வழுக்கும் என்று. எனக்குக்கூட அப்படித்தான் தோன்றியது. அவ்வளவு வழவழப்பு.

சார் பலகையை மெல்லத் தூக்கினார். முதலில் சொரசொரப்பான முதுகுப்பக்கம் கீழே. 29 டிகிரியில் நகர்ந்தது. வழவழப்புப் பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி வைத்தார். 25. அவ்வளவுதான் வித்தியாசம். பந்தயம் கட்டினவர்கள் ஏமாந்து போனார்கள். சார் அடுத்து என்னுடைய கண்ணாடியைப் பலகையில் அசையாமல் கட்டி, ஆய்வகத்திலிருந்து எடுத்த இன்னொரு கண்ணாடித் துண்டை நன்றாகத் துடைத்து அதன் மேல் வைத்தார். 20, 25, 30. முன்வரிசை எழுந்து நின்றுவிட்டது. 35. 40 தாண்டியும் கண்ணாடி அப்படியே உட்கார்ந்திருந்தது.

“வழவழன்னு இருந்தா உராய்வு இருக்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?” என்றார் சார். சொரசொரப்பான பரப்புகளில் மேடும் மேடும்தான் தொடும். பெரும்பாலான இடம் காற்று. நன்றாக வழவழப்பாக்கிய, சுத்தமான இரண்டு பரப்புகள் நெருங்கும்போது உண்மையாகவே தொடுகிற இடம் கூடிவிடுகிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. சொல்லிவிட்டுத் தன் தலையில் விரலைத் தடவி, அந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கண்ணாடியில் தேய்த்தார். திரும்ப வைத்துத் தூக்கினார். பாதிச் சாய்வுகூட ஆகவில்லை, சர்ரென்று வந்து அவர் கையில் விழுந்தது. அன்றைக்கு வகுப்பு முழுக்கச் சிரிப்பு. ஆனால் அந்த எண்ணெய் விரல் எனக்குப் பின்னால் வேறு விதத்தில் பயன்பட்டது, அதற்கு வருகிறேன்.

அடுத்தது செங்கல். முழுச்செங்கலையும் அரைச்செங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூக்கினார். கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இரண்டும் புறப்பட்டன, 30 டிகிரியை ஒட்டி. எடை இரண்டு மடங்கு, கோணம் ஒன்றே. கரும்பலகையில் காரணம் மூன்று வரிதான். கல்லைச் சரிவில் கீழே இழுப்பது எம்ஜி சைன் தீட்டா (எம்ஜி என்பது கல்லின் எடை, தீட்டா என்பது சாய்வுக் கோணம்). தளத்தில் அழுத்துவது எம்ஜி காஸ் தீட்டா. வழுக்கப் போகிற அந்தக் கடைசிக் கணத்தில் முதலாவது, இரண்டாவதைப்போல் மியூ மடங்கு; மியூ என்பது உராய்வுக் குணகம். இரண்டு பக்கமும் எம்ஜியை அடித்துவிட்டால் மிச்சம் டேன் தீட்டா சமம் மியூ. எடைக்கு அங்கே இடமே இல்லை. அந்தக் கோணத்துக்குச் சறுக்குக் கோணம் என்று பெயர். செங்கல்லைப் படுக்கப் போட்டாலும் பக்கவாட்டில் ஒருக்களித்து வைத்தாலும் கோணம் பெரிதாக மாறவில்லை. ‘பரப்பளவுக்கும் இதில் இடமில்லை’ என்று எழுதிக்கொள்ளப் போனோம்.

“இருங்க” என்று சொல்லி, செங்கல்லை நட்டக்குத்தலாக நிறுத்தினார், மூன்று அங்குலப் பக்கம் சரிவை ஒட்டியிருக்கும்படி. 18 டிகிரி வந்தபோது அது வழுக்கவில்லை, தலைகுப்புற விழுந்தது. உயரம் 9 அங்குலம், அடி 3 அங்குலம். மூன்றில் ஒரு பங்கு சாய்வு வந்தாலே எடைக்கோடு அடியை விட்டு வெளியே போய்விடும், உராய்வு என்ன செய்ய முடியும்? “வழுக்குறது வேற, கவுறுறது வேற. எது முந்துதுன்னு பாத்துட்டுக் கணக்குப் போடு” என்றார். நெடிய பீரோவைப் பலகை வைத்து லாரியிலிருந்து இறக்குபவர்கள் படுக்கப் போட்டு இறக்குவது இதற்காகத்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இடையில் வரலாறும் சொல்வார். 1699-ல் பிரான்சில் அமான்டன்ஸ் இந்த விதிகளை எழுதிவைத்தார் என்பார். அவருக்கு இருநூறு வருடம் முன்பே லியனார்டோ டாவின்சி தன் நோட்டுப் புத்தகத்தில் கட்டைகளைச் சாய்த்துப் படம் போட்டுக் கண்டுபிடித்திருந்தும் வெளியே சொல்லவில்லை என்பார். மின்னூட்டத்துக்குப் பெயர் போன கூலும் என்பவர் 1785-ல் உராய்வைப் பற்றி எழுதியதையும் சொல்வார். ‘பெயர் வாங்குனது ஒண்ணுல, வேல பாத்தது ரெண்டுல’ என்பது கூலும் பற்றி அவர் வைத்திருந்த மதிப்பீடு. தேர்வில் இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது என்பதால் பையன்கள் அந்த நேரத்தில் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

சரி, என் சைபருக்கு வருகிறேன்.

நான் செய்தது என்ன? உராய்வு என்ற சொல்லைப் பார்த்ததும் மியூ பெருக்கல் தளத்துக்குச் செங்குத்தான விசை என்று போட்டுவிட்டேன். 2 கிலோவுக்கு எடை 19.6 நியூட்டன். காஸ் 20 வைத்துப் பெருக்கினால் 18.42. அதை 0.6-ஆல் பெருக்கினால் 11.05. வகுப்பில் பாதிப் பேர் இதையேதான் எழுதியிருந்தோம். தாளைக் கொடுத்துவிட்டு சார் என்னை எழுப்பினார்.

“ஏம்மா, அந்தக் கல்லைச் சரிவுல கீழ இழுக்குற விசை எவ்வளவு?”

கணக்குப் போட்டுச் சொன்னேன். 19.6 பெருக்கல் சைன் 20. “6.70 சார்.”

“மேல இழுக்குற உராய்வு?”

“11.05 சார்.”

“அப்ப மிச்சம் 4.35 நியூட்டன் மேல்பக்கமா இருக்கே. யாரும் தொடாமலே கல்லு மேட்டுல ஏறிப் போவுமே. நீ எந்த ஊர்ல பாத்த?”

நான் நின்றுகொண்டே இருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, சூத்திரம் புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று. சார் அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

“புத்தகத்துல இருக்கறது வரம்பும்மா. அது கொடுக்கக்கூடிய அதிகபட்சம். கொடுக்கறது வேற.” பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். “உங்க தாத்தாமாரு பாதிப்பேரு பர்மாவுலயும் மலாயாவுலயும் கடையில இருந்தவங்கதானே. முதலாளி ஊருக்கு வந்துட்டா கடையில அடுத்தாளு இருப்பாரு. அவருக்கு ஒரு வரம்பு சொல்லியிருக்கும், இவ்வளவு வரைக்கும் கடன் கொடுக்கலாம்னு. நூறு ரூபா கேட்டு வந்தவனுக்கு, வரம்பு ஆயிரம்னு ஆயிரத்தையும் தூக்கிக் கொடுப்பாரா? நூறு கேட்டா நூறு. ஐநூறு கேட்டா ஐநூறு. ஆயிரத்து ஒண்ணு கேட்டா?”

“கிடையாது சார்!”

“கல்லு வழுக்கிரும்.”

இதைவிட நன்றாக இதைச் சொன்னவர் யாரையும் நான் இன்றுவரை பார்க்கவில்லை, பொறியியல் படித்தபோதும் சரி, அப்புறமும் சரி. ஓய்வில் இருக்கும் கல்லின் மேல் உராய்வு 6.70 நியூட்டன்தான். 11.05 என்பது பெட்டியில் இருக்கிற பணம். எடுத்த பணம் அல்ல. பலகை மட்டமாக இருந்தால் உராய்வு சுத்தமாகக் கிடையாது, ஏனென்றால் யாரும் எதுவும் கேட்கவில்லை. சாய்க்கச் சாய்க்கக் கேட்பு கூடுகிறது, அதுவும் கூடவே கூடுகிறது. இந்தக் கல்லுக்குக் கிட்டத்தட்ட 31 டிகிரி வரை ஈடுகொடுக்கும். அதைத் தாண்டி ஒருமுறை புறப்பட்டுவிட்டால் இயக்க உராய்வு. அது வரம்பைவிடக் குறைவு. அதனால்தான் புறப்பட்ட கல் தயங்கித் தயங்கிப் போகாமல் வேகம் எடுக்கிறது.

இன்னொன்றையும் அன்றைக்குக் கரும்பலகையில் காட்டினார். பாடத்திட்டத்தில் இல்லாதது. தளம் கல்லின் மேல் இரண்டு விசை கொடுக்கிறது என்று தனித்தனியாகவே போட்டுப் பழகியிருந்தோம்: தளத்துக்குச் செங்குத்தாக 18.42, தளத்தை ஒட்டி மேல்நோக்கி 6.70. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்றார். வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தோம். 19.6. திசையைப் பார்த்தால் நேர் மேலே. கல்லின் எடை எவ்வளவோ அவ்வளவு, சாய்வு என்ற ஒன்றே இல்லாததுபோல். அப்பா தட்டில் நாலு கல்லை அடுக்கிக்கொண்டு படி இறங்கும்போது தட்டு சாய்ந்தாலும் அவர் கைக்குத் தெரிகிற கனம் மாறுவதில்லை அல்லவா, அதுதான். ஓய்வில் இருக்கும் பொருளுக்குச் செங்குத்து விசை, உராய்வு என்று பிரித்தது நம் வசதிக்கு. எனக்கு அந்த 19.6 வந்த கணம் உடம்பு சிலிர்த்தது என்று எழுதினால் மிகையாகத் தெரியும், எழுதாவிட்டால் பொய்யாகிவிடும்.

அதற்குப் பிறகு ஊரெல்லாம் சாய்தளமாகத் தெரிய ஆரம்பித்தது. பள்ளிக்கு எதிரே பெரிய வீடு ஒன்றில் ஓடு மாற்றினார்கள். சார் எங்களை மதியம் அங்கே கூட்டிக்கொண்டு போனார். ஒரு கூரையில் எத்தனை ஆயிரம் நாட்டோடு! முகட்டிலும் ஓரத்திலும்தான் காரை. நடுவில் இருப்பவை ஒன்றின் மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கின்றன. ஆணி இல்லை, கம்பி இல்லை. சரிவு கூடினால் ஓடு நழுவும், குறைந்தால் மழைத்தண்ணீர் நின்று உள்ளே ஒழுகும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடத்தில் கூரையை நிறுத்தியிருக்கிறார்கள், பாகைமானி தெரியாத ஆட்கள். பூனை குதித்தால் மட்டும் ஏன் ஓடு நழுவுகிறது என்று ஒருத்தி கேட்டாள். “அதிர்ச்சியில அழுத்தம் ஒரு நொடி விட்டுப்போவுது, வரம்பு சுருங்குது” என்று சார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலே இருந்தவர், “பூனை இல்லீங்க, குரங்கு” என்றார்.

குன்றக்குடியில் பங்குனி உத்திரத் தேர் பார்க்கப் போனபோதும் நான் சாமியைப் பார்த்ததைவிட முட்டுக்கட்டை போடுபவரைத்தான் அதிகம் பார்த்தேன். நீளப் பிடி வைத்த ஆப்புக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் நீட்டிவிட்டு அவர் விலகுகிற வேகம் இருக்கிறதே! அந்தக் கட்டையே ஒரு சாய்தளம். அதன் சரிவு சறுக்குக் கோணத்தைவிடக் குறைவாக இருப்பதால், தேர் ஏற ஏறக் கட்டை இறுகுமே தவிரப் பிதுங்கி வெளியே வராது.

அந்த வருடம் ஐப்பசி மழையில் அப்பத்தா விழுந்திருந்தது. அது ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை செய்தது. அங்கே வளவில், அதாவது முற்றத்தில், நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் நடுவில் கொட்டும். சாரல் பட்டுச் சுற்றுக்கட்டுத் தரை ஈரமாக இருந்தது. கையில் சாதக் குண்டான். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். அந்தத் தரையில் கல் போட்டது அப்பாவின் கை. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஆனால் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை.

நான் சாரிடம் கேட்டேன். காய்ந்த தரையில் வெறுங்காலோடு முப்பது வருடம் நடந்த அப்பத்தா ஏன் அன்றைக்கு விழ வேண்டும்? சார் தன் விரலைக் காட்டினார். “அன்னைக்கு எண்ணெய் தேச்சேனே, அதேதான். நடுவுல தண்ணிப் படலம் வந்துட்டா காலு கல்லைத் தொடவே இல்லம்மா. தண்ணியத்தான் தொடுது. கல்லு பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது.” வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்குப் போனார்.

இப்போது நான் சிங்கப்பூரில் கட்டடப் பொருள்களைப் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் பகுதி தரை ஓடுகள். கேட்டால் சிரிப்பீர்கள், அங்கேயும் ஒரு பலகைதான். ஜெர்மனியில் டின் 51130 என்ற தரநிலையாக உருவான முறை. பெரிய சாய்மேடை ஒன்றில் ஓடுகளைப் பதித்து இன்ஜின் ஆயிலைத் தடவுவார்கள். பாதுகாப்புக் காலணி போட்ட ஆள் ஒருவர், இடுப்பில் பெல்ட்டும் மேலே கயிறுமாக, இறக்கத்தைப் பார்த்து நின்றுகொண்டு முன்னும் பின்னுமாகச் சின்ன அடி வைத்து நடப்பார். மேடை மெல்லச் சாயும். எந்தக் கோணத்தில் கால் விடுகிறதோ அதுதான் அந்த ஓட்டின் தகுதி. 6-லிருந்து 10 டிகிரி வரை ஆர் 9. 19 வரை ஆர் 10. 27 வரை ஆர் 11. 35 வரை ஆர் 12. அதற்கு மேல் ஆர் 13. அதெல்லாம் இறைச்சி வெட்டும் கூடங்களுக்கு. நீச்சல் குளத்து ஓரங்களுக்கு வெறுங்கால், சோப்புத் தண்ணீர் என்று தனிச் சோதனை இருக்கிறது. நடக்கிற கால் ஓய்வில் இருக்கும் பெட்டி அல்ல, அதனால் பள்ளிக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் முதல் நாள் அந்த மேடை சாய்வதைப் பார்த்தபோது தூக்குக்குண்டு எங்கே என்று கண் தேடியது உண்மை.

ஒருமுறை ஊரிலிருந்து அப்பா போட்ட நாலு கல்லைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, வேலை நேரம் முடிந்தபின் மேடையில் வைத்துப் பார்த்தேன். கணக்கில் சேராத சோதனை. நடந்தது நான். 6 டிகிரி வருவதற்குள் கால் விட்டுவிட்டது. எந்தத் தகுதியும் இல்லை. இரவு ஃபோனில் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “ஏன் தாயி, வீட்டுக்குள்ள யாரு இன்ஜின் ஆயிலை ஊத்துறா?” என்றார். அவர் சொன்னது சரிதான். செருப்பைத் திண்ணையில் விட்டு வெறுங்காலோடு நடக்கிற வீட்டுக்குள் போட்ட கல் அது. அதைத் தூக்கிக்கொண்டு போய் ஹோட்டல் வாசலிலும் சமையற்கட்டிலும் பதிக்கிறவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது சங்கத்திடம் கேட்க வேண்டியது.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பள்ளிக்குப் போனேன். முகப்பில் சக்கர நாற்காலிக்கு என்று புதிதாகச் சாய்தளம் கட்டியிருந்தார்கள். நல்ல எண்ணம், சந்தேகமே இல்லை. ஆனால் அளவு நாடா இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. தரைமட்டத்திலிருந்து தாழ்வாரம் ஒன்றரை அடி உயரம். சாய்தளத்தின் கிடைநீளம் 9 அடி. ஆறுக்கு ஒன்று, சாய்வு ஒன்பதரை டிகிரி. அதன் மேல் பளபளக்கும் ஓடு, ஷோரூம்களில் போடுகிறார்களே, அந்த ரகம். பார்க்க அழகு.

ஒரு கணக்குப் போடுவோம், சார் இருந்தால் போடச் சொல்லியிருப்பார். பிள்ளையும் நாற்காலியும் சேர்த்து 85 கிலோ என்று வையுங்கள், தள்ளுகிறவர் 60 கிலோ. பாதி வழியில் மூச்சு வாங்க நிற்கிறார். நாற்காலியைப் பிடித்து நிறுத்தவே அவர் கைக்கு 137 நியூட்டன் வேண்டும், அதாவது 14 கிலோவைத் தூக்கிப் பிடிக்கிற பலம். இதெல்லாம் கடைசியில் யார் தலையில் விழுகிறது? அவர் செருப்புக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கிற உராய்வின் தலையில். சக்கரம் உருளுகிறது, அது ஒன்றும் கொடுக்காது. ஆக 145 கிலோவின் சரிவு விசை முழுவதையும் 60 கிலோ அழுத்துகிற ஒரு ஜோடிச் செருப்பு தாங்க வேண்டும். போட்டுப் பார்த்தால் தேவைப்படும் குணகம் 0.40. காய்ந்திருக்கும்போது கிடைக்கும். மழையில் அந்த ஓட்டில் கிடைக்காது. நான் நின்றிருந்த அரைமணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மார்கழி மழையில் தன் கால் ஒருமுறை வழுக்கியது என்று அங்கே பெருக்குகிற அம்மா சொன்னார். கையில் வாளி மட்டும் இருந்ததால் தப்பித்தார்.

அதே ஒன்றரை அடியை 18 அடி நீளத்தில் ஏற்றினால் பன்னிரண்டுக்கு ஒன்று. பல நாடுகளில் விதியே அதுதான். பிடிக்க வேண்டிய விசை பாதியாகிவிடும், தேவைப்படும் குணகமும் 0.20-க்கு இறங்கிவிடும். நேராக 18 அடி போக முகப்பில் இடம் இல்லை, வேப்பமரம் தடுக்கிறது. நடுவில் ஒரு சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். மேலே ஓடே வேண்டாம். சிமெண்டுத் தரையில் ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் போதும், எந்தக் கொத்தனாரும் செய்வார். இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி.

தலைமையாசிரியரிடம் பேசினேன். நிதிதான் இல்லை, மனசு இருக்கிறது என்றார். இந்த வருடம் சங்கத்து நிதியில் நுழைவாயிலுக்கு அலங்கார வளைவு கட்டுவதாகச் சுற்றறிக்கையில் படித்தேன். வளைவு அடுத்த வருடம் கட்டலாம்.

பலகை இப்போதும் இயற்பியல் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கீல் துருப்பிடித்து இறுகிவிட்டது, தூக்குக்குண்டைக் காணோம். நான் கிளம்பும்போது தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து கீலுக்கு விட்டு, நாலைந்து தரம் தூக்கி இறக்கினேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தன் ஜியாமெட்ரி பாக்ஸை நீட்டி, “இது எத்தனை டிகிரியில வழுக்கும் ஆன்ட்டி?” என்றாள். 22-ல் வழுக்கியது. பென்சிலையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுக் காலிப் பெட்டியை வைத்துப் பார் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.